ரோமால்டு அண்ணனின் முன்பற்கள்

மே 6, திங்கள்

ரோமால்டு அண்ணன் நீலமுத்துவை விட்டுப் போய்விட்டார்.

எழுதிப் பார்த்தால் நம்பிக்கை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

மே 7, செவ்வாய்

நேற்று கை ஓடவில்லை. இன்றாவது ஒழுங்காக எழுதுகிறேன்.

எங்கள் தூத்துக்குடியில் கோயில் திருவிழாவா, கல்யாண வரவேற்பா, சங்க ஆண்டு விழாவா, மேடையில் நீலமுத்து இன்னிசைக் குழு இருக்கும். கல்லூரியில் படித்த காலத்திலிருந்து நான் அவர்களுடைய ரசிகை. என் கல்யாணத்துக்கும் அவர்கள்தான் வந்தார்கள். பாடுகிறவர்கள் வருவார்கள், போவார்கள், அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கீபோர்டு வாசிக்கும் டைட்டஸ் சாரும் ட்ரம்பெட் ஊதும் ரோமால்டு அண்ணனும் மட்டும் அன்றிலிருந்து மாறவே இல்லை. குழு டைட்டஸ் சாருடையது. கூட்டம் ரோமால்டு அண்ணனுடையது.

கச்சேரி எப்போதும் ஒரு மாதா பாட்டில்தான் தொடங்கும். பாட்டின் முடிவில் ரோமால்டு அண்ணன் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிப்பார். அவர் பிடித்ததும் கீழே உட்கார்ந்திருக்கும் நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அவர் விடும்வரை நாங்களும் விடக் கூடாது. இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் எங்களுக்கு ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். அவர் விட்டதும் மைதானம் முழுவதும் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் எழும். கைதட்டல் அதற்குப் பிறகுதான். நான் கடைசிவரை பிடித்தது மிகவும் அபூர்வம்.

அப்படிப்பட்ட மனிதர் போய்விட்டதை டைட்டஸ் சார் எங்கள் ‘நீலமுத்து நேயர்கள்’ வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவாகப் போட்டார். “நேயர்களுக்கு வணக்கம். நம்ம ரோமால்டு இனிமே நம்மகூட வாசிக்க மாட்டாரு. அவருக்கு நம்ம வாழ்த்துகள். ஜூன் பதிமூணு அந்தோணியார் கோயில் கச்சேரி வழக்கம்போல உண்டு.” அவ்வளவுதான். நாளைக்கு மின்தடை என்று சொல்லுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கப்பலில் ஃபிட்டராக இருக்கிறவர், பிப்ரவரியில் லீவில் வந்தார், ஜூன் கடைசியில் திரும்ப ஏற வேண்டும். வீட்டில் இருக்கும்போது வெங்காயம் உரிப்பதை விரும்பிச் செய்வார்.

“போகட்டும். எவ்வளவு நாள்தான் ஊதுவாரு,” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வெங்காயத்தைப் பிடுங்கி நானே உரித்தேன்.

மே 9, வியாழன்

குரூப்பில் ஒரே சண்டை. அதைப் படித்துக்கொண்டிருந்ததில் மாவு அரைக்க மறந்துபோனேன். காலையில் உப்புமா. வீட்டுக்காரர் அதையும் சாப்பிட்டார்.

மே 11, சனி

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக் முடிந்து வரும் வழியில் வியாகப்பன் அண்ணன் கடையில் நின்றேன். அவர்தான் எங்கள் குரூப்புக்கு அட்மின். ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், ஆனால் நான் போகும்போதெல்லாம் கச்சேரியைப் பற்றிய பேச்சுதான் விற்றுக்கொண்டிருக்கும். அமலியும் இருந்தாள். அமலி பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள், என் கூடப் படித்தவள்.

“டைட்டஸுக்கும் அவருக்கும் சண்டை. எனக்கு உறுதியாத் தெரியும்,” என்றார் வியாகப்பன் அண்ணன்.

“சண்டையெல்லாம் இல்ல. நாகர்கோவில் குழுவுக்குப் போறாராம். என் பார்லருக்கு வந்த பொண்ணு சொன்னா,” என்றாள் அமலி.

கடைக்கு பிளக் வாங்க வந்த ஒருவர், சினிமாப் பாட்டு இனி வாசிப்பதில்லை என்று அவர் நேர்ந்துகொண்டதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். நாங்கள் மூவரும் அவரை முறைத்தோம். அவர் பிளக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எதுவும் எனக்கு ஒட்டவில்லை. சண்டை போடுகிற ஆளா ரோமால்டு அண்ணன்? ஜனவரியில் உடன்குடியில் வாசித்தாரே. அந்த நீட்டலில் எனக்குக் கண்ணீர் வழிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வாசித்ததிலேயே அதுதான் உச்சம் என்று அன்றைக்கே குரூப்பில் எழுதினேன். அவ்வளவு நன்றாக வாசிக்கிற ஒருவர் நான்கே மாதத்தில் எப்படி நிறுத்துவார்? ஒன்று யாராவது அவரை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதாவது நடந்திருக்க வேண்டும். ஏதாவது ஒன்று இருக்கிறது. எங்களிடம் மறைக்கிறார்கள்.

மே 14, செவ்வாய்

காலையில் கேஸ் வந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மகளுக்குக் கோயம்புத்தூருக்குப் போன் பேசினேன், பரீட்சை நன்றாக எழுதுகிறாளாம்.

இவர் மத்தியானம் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, “இந்தத் தடவ நான் போகல பிலோமி,” என்றார்.

“எங்க?”

“கப்பலுக்கு.”

“ஏன்? என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல. போகல.”

“கூட வேலை செய்யிறவங்க யாரும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்ல.”

“பொறவு?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். அலுப்பு. வேறொன்றும் இல்லை. வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது. நல்ல மனிதருக்கே இந்த வெயிலில் எதுவும் வேண்டாம் என்றுதான் தோன்றும். எதற்கும் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். தைராய்டாக இருந்தாலும் இப்படித்தான் மந்தமாக இருக்குமாம்.

மே 17, வெள்ளி

இவருக்குச் சர்க்கரை இல்லை. தைராய்டு இல்லை. ரத்தம், உப்பு, கொழுப்பு எல்லாம் சரியாக இருக்கின்றன. லேபில் இருந்த பெண், “சாருக்குக் கொழுப்புகூட இல்லக்கா,” என்று சிரித்தாள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை வெளியே சொன்னால் உதைப்பார்கள்.

மே 20, திங்கள்

என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளினிக்குக்குத் திரும்பி வருகிறேன். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்து எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், ஆனால் இன்றைக்கு வாசற்படியிலேயே கால் நின்றுவிட்டது. ரோமால்டு அண்ணன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வருகிறார். கண் கலங்கியிருக்கிறது. முகம் வெளிறிப்போய்க் கிடக்கிறது. ஒரு கையில் மருந்துக் கவர். பின்னால் ஒரு அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வந்தார். நான் “அண்ணே” என்பதற்குள் ஆட்டோ ஏறிப் போய்விட்டார்கள்.

உள்ளே போய், என் இடத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸிடம் யார் வந்தது என்று கேட்டேன்.

“ரோமால்டுன்னு பேர் போட்டிருக்குக்கா. மேல முன்பல்லு ரெண்டு எடுத்தாங்க.”

மேல் முன்பல். ட்ரம்பெட் ஊதுகிறவர்களுக்கு அந்த இரண்டு பல்தான் எல்லாமே. உதட்டை வைத்து அழுத்தப் பின்னால் பல் வேண்டும். டாக்டரம்மாவே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாவம், யாரிடமும் சொல்லாமல் அவரே சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

மே 21, செவ்வாய்

கிளினிக் விஷயம் வெளியே போகக் கூடாது. எனக்குத் தெரியும். அமலியிடம் மட்டும் சொன்னேன். மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். அவளும் அழுதாள்.

மனசு லேசாக இருக்கிறது. இரண்டு வாரமாக முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது, எடுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது. ஒரு மனிதருக்குப் பல் போய்விட்டதில் எனக்கு ஏன் இவ்வளவு நிம்மதி என்று தெரியவில்லை. இவருக்குப் பிடித்த முட்டைக் குழிப்பணியாரம் செய்தேன்.

மே 23, வியாழன்

அமலியின் சத்தியம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. குரூப் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் பெயரைச் சொல்லவில்லை என்கிறாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் குரூப்பிலேயே நான் ஒருத்திதான், இதில் பெயர் வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆனால் ஒன்று. சண்டையெல்லாம் நின்றுவிட்டது. திட்டியவர்கள் மன்னிப்புக் கேட்டுப் போட்டிருக்கிறார்கள். பழைய கச்சேரிப் படங்களைத் தேடிப் போடுகிறார்கள். பல் நோவுக்கென்றே அப்போலோனியா என்று ஒரு புனிதை இருக்கிறாராம், அவருடைய படத்தை அமலி கண்டுபிடித்துப் போட்டாள். கையில் குறடு பிடித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ரோமால்டு அண்ணனுக்காக ஒரு வேண்டுதல் கருத்து ஒப்புக்கொடுக்கலாம் என்று வியாகப்பன் அண்ணன் முடிவு செய்துவிட்டார்.

நான் தடுத்திருக்க வேண்டும். குரூப்பில் கூப்பிய கைப் படம் ஒன்றைப் போட்டேன்.

மே 26, ஞாயிறு

பூசையில் சாமியார் கருத்துகளை வாசித்தார். இன்னாருடைய ஆன்ம சாந்திக்காக, இன்னாருடைய சுகப்பிரசவத்துக்காக என்று வந்துகொண்டிருந்தது. பிறகு, “இசைக்கலைஞர் ரோமால்டு அவர்களின் முன்பற்கள்,” என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். காகிதத்தை ஒரு தடவை கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “முன்பற்கள் நலம்பெற வேண்டி, நீலமுத்து நேயர்கள்,” என்று முடித்தார்.

கோயிலில் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது மூன்று பெஞ்சுக்கு முன்னால் ஒரு பெண் திரும்பி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ரோமால்டு அண்ணனின் மனைவி. அவர் முகத்தில் வருத்தம் இல்லை. யாரோ தன் வீட்டு முகவரியைத் தப்பாக எழுதிவிட்டதைப் பார்க்கிற முகம்.



மே 27, திங்கள்

கம்பெனியிலிருந்து இவருக்குப் போன். இவர் எடுக்கவில்லை. நான் எடுத்து, “குளிச்சிட்டு இருக்காவ,” என்றேன். இவர் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜூன் பதினைந்துக்குள் பதில் வேண்டுமாம்.

பெட்டியை எடுத்துத் துடைத்து, அவருடைய சட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன். எப்படியும் கடைசி நேரத்தில் போய்விடுவார். ஊறுகாய் மட்டும் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

மே 30, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கே குழம்பியிருக்கிறது.

பதினொரு மணி வாக்கில் ரோமால்டு அண்ணன் அதே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவை நர்ஸ் உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். அண்ணன் என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றார். கைக்குட்டை கையில்தான் இருந்தது.

“நீங்கதானா தங்கச்சி, என் பல்லப் புடுங்கினது?”

கேட்டுவிட்டுச் சிரித்தார். அத்தனை பல்லும் இருந்தது. முன்னால் இரண்டும் கல்லு மாதிரி இருந்தது.

“அண்ணே, அன்னைக்கு உங்க பேருதான்...”

“என் மாமியாருக்குத்தான் பல்லு எடுத்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல போன்ல நான் பதிஞ்சேன், எடுத்த நர்ஸ் என் பேரையே போட்டுட்டாங்க. எனக்கு இந்த ஆஸ்பத்திரி வாசனை ஆகாது. கொமட்டிக்கிட்டு வரும். அதான் மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு ஓடினேன்.”

“மன்னிச்சிருங்கண்ணே.”

“இருக்கட்டும். எங்க வீட்டுல பூசை முடிஞ்சு வந்ததும் வாயத் தொறங்கன்னா. டார்ச் அடிச்சிப் பாத்தா. எனக்குத் தெரியாம எப்பம் எடுத்தியன்னு ஒரே சண்டை.”

அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் திட்டியிருந்தால் அழுதுவிட்டு எழுந்து போயிருப்பேன். அதற்குப் பதிலாக, எல்லாரும் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

“பொறவு ஏண்ணே விட்டிய?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“காரணம் கேட்டு எல்லாரும் வாராங்க. வரும்போதே ஆளுக்கு ஒண்ணு கையில கொண்டு வாராங்க. வியாகப்பன் சண்டைங்கான். இன்னொருத்தர் நாகர்கோவில்ங்காரு. துணிக்கடையில சட்டை போட்டுப் பாக்கிற மாதிரி நானும் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தேன். உங்க பல்லுதான் கொஞ்சம் பொருந்திச்சு. அதுவும் கக்கத்துல புடிக்கி.”

“அப்பம் உண்மையான காரணம்?”

“இருந்தா சொல்ல மாட்டேனா தங்கச்சி?” கைக்குட்டையை மடித்துக்கொண்டே கேட்டார். “உடன்குடிக்கு வந்திருந்தியளா?”

“முன்வரிசையில இருந்தேண்ணே. நீங்க என்னைக்குமே அப்படி வாசிச்சதில்ல.”

“அன்னைக்கு மாதா பாட்டுல நீட்டிக்கிட்டு நிக்கேன். நீங்க எல்லாரும் மூச்சப் புடிச்சிக்கிட்டு என்னையப் பாக்கிய. எனக்கு, வீட்டுல இன்னைக்கு என்ன மீன் குழம்பு வச்சிருப்பான்னு ஒரு நெனப்பு. சாளையா, நெத்திலியா? யோசிச்சேன். சாளையாத்தான் இருக்கும்னு முடிவு பண்ணிட்டு மூச்ச விட்டேன். நீங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டினிய.”

நான் கையில் இருந்த பேனாவை மூடி வைத்தேன்.

“அன்னைக்கு மட்டும் இல்ல. ரெண்டு வருஷமாவே அப்படித்தான். வெறுப்பும் இல்ல, அலுப்பும் இல்ல. வாய் அதுபாட்டுக்கு வாசிக்கி. நான் அங்கன இல்ல. யாராவது ஒருத்தர் கண்டுபிடிச்சுக் கேப்பியன்னு பாத்தேன்.”

“எங்களுக்குத் தெரியலண்ணே.”

“உங்க மேல தப்பு இல்ல. நான் நல்லாத்தான் வாசிச்சேன்.”

மாமியார் புதுப் பல்லுக்கு அளவு கொடுத்துவிட்டு வெளியே வந்தார். ரோமால்டு அண்ணன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து, எனக்குத் தலையசைத்துவிட்டுக் கிளம்பினார்.

டாக்டரம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். முதலில் முறைத்தார். முன்பற்கள் பூசையை அவரும் கேள்விப்பட்டிருக்கிறார் போல, சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார். இனி இப்படி நடந்தால் வேலை இல்லை என்றார். சரி என்றேன்.

மே 31, வெள்ளி

குரூப்பில் எழுதினேன். “ரோமால்டு அண்ணனுக்குப் பல் எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் தப்பாகப் புரிந்துகொண்டு சொன்னது. மன்னிக்கவும்.”

பிறகு வியாகப்பன் அண்ணன், “அப்போ டைட்டஸோடு சண்டைதான்,” என்று போட்டார். மறுபடி ஆரம்பித்துவிட்டது.

அண்ணன் சொன்னதை நான் எழுதவில்லை. எழுதினால் யார் நம்புவார்கள்? எனக்கே அது பதிலா இல்லையா என்று தெரியவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

உடன்குடிக் கச்சேரி என் போனில் இருக்கிறது. இன்று மூன்று தடவை கேட்டேன். எந்த இடத்தில் சாளை, எந்த இடத்தில் நெத்திலி என்று தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. மூன்று தடவையும் கை மயிர் சிலிர்த்தது. ஒரு மனிதர் குழம்பை நினைத்துக்கொண்டு ஊதியதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். ஏமாந்தேனா? யார் ஏமாற்றியது? அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லையே. கோபப்படலாம் என்றால் யார் மேல் படுவது என்று தெரியவில்லை. ரசிகை என்று சொல்லிக்கொண்டு இத்தனை வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் அங்கே இல்லாதது எனக்குத் தெரியவில்லை.

அதே போனில், போன கிறிஸ்மஸுக்கு இவர் கப்பலில் இருந்து அனுப்பிய வீடியோ ஒன்று கிடந்தது. காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தபடி கேக் வெட்டுகிறார். “ஹேப்பி கிறிஸ்மஸ் பிலோமி,” என்கிறார். அன்றைக்கு நான் அதைத் தெருவில் எல்லாருக்கும் காட்டினேன்.

இன்று அதை இரண்டாவது தடவை போட்டுப் பார்க்கவில்லை. துணி காயப்போடப் போய்விட்டேன்.

ஜூன் 8, சனி

கம்பெனியிலிருந்து மறுபடியும் போன். மணி அடித்து ஓயும்வரை இவர் என்னைப் பார்த்தார். நானும் எடுக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

நேற்று அந்தோணியார் கோயில் கச்சேரி. போவதா வேண்டாமா என்று கடைசிவரை மனசு இழுத்துக்கொண்டே இருந்தது. இவர்தான், “வா, போவோம். நான் பாத்து எத்தன வருஷம் ஆச்சு,” என்றார். உண்மைதான். திருவிழா நேரத்தில் இவர் எப்போதும் கடலில்தான் இருப்பார்.

அமலி இடம் பிடித்து வைத்திருந்தாள். நீலச் சட்டை, வெள்ளை பேன்ட் என்று குழுவினர் மேடையில் வழக்கம்போல நின்றார்கள். ரோமால்டு அண்ணன் நிற்கும் இடத்தில் ஒரு பெடஸ்டல் ஃபேன் வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

“ஏட்டி, அங்க பாரு,” என்று அமலி இடித்தாள்.

இரண்டு வரிசைக்கு முன்னால் ரோமால்டு அண்ணன் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் வறுகடலைப் பொட்டலம். ஒன்றொன்றாகத் தோலை ஊதிவிட்டுத் தின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் பாதிப் பேர் மேடையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்கள். அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதா பாட்டு தொடங்கியது. நன்றாகத்தான் பாடினார்கள். முடிவு வந்ததும் டைட்டஸ் சார் கீபோர்டில் அந்த நீட்டலைப் பிடித்தார். ட்ரம்பெட் சத்தமேதான், ஒரு குறை சொல்ல முடியாது. பழக்க தோஷம், நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துவிட்டோம். என் பக்கத்தில் இவரும் பிடித்தார்.

பிடித்துக்கொண்டே இருந்தோம். டைட்டஸ் சார் விரலை எடுக்கவில்லை. இதுவரை ரோமால்டு அண்ணனுக்கு மூச்சு முடியும்போது பாட்டு முடிந்தது. கீபோர்டுக்கு மூச்சும் இல்லை, முடிவும் இல்லை. எப்போது விடுவது என்று டைட்டஸ் சாருக்குத் தெரியவில்லை. நாங்கள் பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்து அவர் விடவில்லை. அவர் விடாததைப் பார்த்து நாங்கள் விடவில்லை. எனக்குக் கண் இருட்டியது. எங்கோ ஒருவர் இருமினார். வியாகப்பன் அண்ணன் முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது.

டைட்டஸ் சார் கூட்டத்தில் தேடினார். ரோமால்டு அண்ணனைக் கண்டுபிடித்தார். அண்ணனும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார், கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. டைட்டஸ் சார் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் கடலைப் பொட்டலம் பிடித்த கையைத் தூக்கி, போதும் என்று ஆட்டினார். டைட்டஸ் சார் விரலை எடுத்தார்.

‘உஸ்’ சத்தம் எழுந்தது. அண்ணனும் எங்களோடு சேர்ந்து விட்டார். விட்டுவிட்டுத் தன் மனைவியைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். மேடையில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு எழுந்து நின்று கை தட்டினார். பொட்டலத்தில் இருந்த கடலை எல்லாம் கொட்டிவிட்டது.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா, துக்கமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் திரும்பி வர வேண்டும் என்று ஒரு பக்கம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வரவே கூடாது என்றும் இருந்தது. அமலி கேட்டதற்குத் தூசி விழுந்துவிட்டது என்றேன்.

திரும்பி நடந்து வரும்போது இவர், “எனக்குக் கடைசிவரை புடிக்க முடியல. பாதியிலயே விட்டுட்டேன்,” என்றார்.

“பரவாயில்ல,” என்றேன்.

“நீ?”

“இன்னைக்குப் புடிச்சிட்டேன்.”



ஜூன் 15, சனி

காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. அதை ஒரு மாதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

“எவ்வளவு நாளா?”

எதைக் கேட்கிறேன் என்று இவர் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

“நாலு வருஷம் இருக்கும்.”

“போன்ல சிரிச்சிச் சிரிச்சிப் பேசுவியளே.”

“பேசத்தானே செய்யணும்.”

“நான் கண்டுபிடிக்கவே இல்லையே.”

“உன்னால எப்படி முடியும்? நான் நல்லாத்தான் சிரிச்சேன்.”

ரோமால்டு அண்ணன் என்னிடம் பேசியதை இவருக்கு நான் சொல்லவே இல்லை.

எழுந்து உள்ளே போனேன். கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்துத் திறந்தேன். நான் அடுக்கி வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டேன். இவர் வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“கம்பெனிக்கு நானே பேசிருதேன்,” என்றார்.

“ம்.”

“இனிமே என்ன பண்ணப் போறேன்னு கேக்கலியா?”

“கேக்கத்தான் போறேன். பயமாத்தான் இருக்கு. இன்னைக்குக் கேக்கல.”

காலிப் பெட்டியை மூடிப் பரணில் ஏற்ற அவரும் ஒரு கை பிடித்தார். பிறகு சமையலறையில் இருந்து மீன் பையை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

“என்ன குழம்பு வைக்கட்டும்?” என்றேன்.

அவர் பையை வாங்காமல் என்னையே பார்த்தார். “என்னையக் கேக்கியா?”

யோசித்துப் பார்த்தால் கேட்டதே இல்லை. வருஷத்தில் பாதிக்கு மேல் வீட்டில் இல்லாத மனிதரிடம் யார் கேட்பார்கள்? இருந்தபோதும் கேட்டதில்லை.

“உங்களத்தான்.”

ரொம்ப நேரம் யோசித்தார். பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி யோசித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“சாளை,” என்றார்.